இரண்டாம் பாகம் கேட்கும் கணக்கு



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நம் பக்கத்தில் வரலாற்றுக்கா பஞ்சம்? பெண்ணாடத்தில் தூங்கானைமாடம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பழமலைநாதர் இருக்கிறார். இரண்டு ஊருக்கும் பக்கத்தில் ஆறு ஓடுகிறது. ஆனால் அவற்றை எழுத நம் தமிழ் ஐயாக்கள் இருக்கிறார்கள். நான் டைல்ஸ் சூளையோடு மல்லுக்கட்டும் பொறியாளன். எனக்கு ஓரளவு உருப்படியாகத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். ஹாஸ்டலில் நாங்கள் விடிய விடிய ஆடிய மாயாஜாலக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் வரலாறு! அதிலும் குறிப்பாக, அவற்றின் இரண்டாம் பாகங்களின் வரலாறு.

"இதெல்லாம் ஒரு வரலாறா தம்பி?" என்று மூத்த அண்ணன்மார் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. இந்த விளையாட்டுகள் பிறந்ததே கல்லூரி வளாகங்களில்தான். பிள்ளைகள் படிக்கிற இடத்தில், பிள்ளைகள் கையால் பிறந்தவை. அந்த உரிமையில் இந்த மலரில் ஓர் இடம் கேட்கிறேன்.

முதல்நூலும் வழிநூலும்

இரண்டாம் பாகம் என்ற சமாசாரம் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்கிறோம். நம் நன்னூல் எப்போதோ அதற்கு இலக்கணம் சொல்லிவிட்டது. நூல் மூன்று வகை: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூல் எழுதுகிறவருக்கு இரண்டு கடமை உண்டு. முதல்நூலின் முடிபோடு ஒத்துப்போக வேண்டும். தன் பங்குக்குப் புதிதாகவும் சில சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வழிநூல் ஆகாது.

இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு நம் பெண்ணாடத்திலிருந்தே கிடைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் இங்கே அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையாகப் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர் மெய்கண்டார். பன்னிரண்டே சூத்திரத்தில் அவர் சிவஞானபோதம் சொன்னார். அது முதல்நூல். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்துச் சிவஞான சித்தியார் எழுதினார். அது வழிநூல். பின்னால் உமாபதி சிவம் எழுதிய சிவப்பிரகாசம் சார்புநூல். இதில் வேடிக்கை என்னவென்றால், அருணந்தியார் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குருவாக இருந்த பெரியவர். வயதில் மூத்தவர், இளையவரிடம் மாணவராக உட்கார்ந்து வழிநூல் எழுதினார்.

ஒரு நல்ல இரண்டாம் பாகம், 'முதல் பாகத்திலிருந்து என்ன கொண்டு வந்தாய்?' என்று கேட்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அது ஒன்றுதான். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இந்தக் கேள்வியை எப்படியெல்லாம் கேட்டன என்று வரிசையாகப் பார்ப்போம்.

தாயக்கட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பரமபதம் ஆடியிருப்பீர்கள். அதில் காய்க்குப் பெயர் கிடையாது, குணம் கிடையாது. கட்டை விழுந்தபடி ஏறும், பாம்பு கொத்தினால் இறங்கும். இன்னொரு பக்கம் நம் தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேஷம் கட்டியவர் அந்த ராத்திரிக்கு அர்ச்சுனனாகவே ஆகிவிடுவார். ஆனால் கதையின் முடிவை அவரால் மாற்ற முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். கட்டையும் உண்டு, வேஷமும் உண்டு, கதையின் போக்கும் உங்கள் கையில் என்றால் எப்படி இருக்கும்?

அப்படி ஒன்றை 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதல் அச்சில் ஆயிரம் பிரதிதான். போர்டு கிடையாது, காய் கூடக் கட்டாயமில்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டியது. ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வைத்தியம் தெரிந்த பூசாரி, ஒருவன் பூட்டு திறக்கும் திருடன். கூத்து வாத்தியார் மாதிரி ஒருவர் கதையை நடத்துவார். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். ஜெயித்தால் அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் 'லெவல்' ஏறும். இன்றைக்கு எந்த விளையாட்டைத் திறந்தாலும் 'லெவல் அப்' என்று வருகிறதே, அந்தப் பழக்கத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்பியது இதுதான்.

தனியாளாகப் போனால் தேற முடியாது, பலவிதமானவர்கள் சேர்ந்த கூட்டம் வேண்டும் என்பது இதில் முக்கியமான விதி. அந்தக் கூட்டத்துக்குப் 'பார்ட்டி' என்று பெயர். நம் ஊர்த் தலபுராணம் நினைவுக்கு வருகிறதா? தேவகன்னியர், காமதேனு, ஐராவதம் மூவரும் வழிபட்டதால் பெண், ஆ, கடம் சேர்ந்து பெண்ணாகடம் ஆனது என்பார்கள். பெண், பசு, யானை... இதைவிடக் கதம்பமான ஒரு பார்ட்டியை எந்த அமெரிக்கக்காரன் யோசித்திருப்பான், சொல்லுங்கள்!

கல்லூரி லேபில் பிறந்த பிள்ளைகள்

மேஜையில் ஆடியதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனவர்கள் கல்லூரிக்காரர்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்று ஒரு பெரிய கணிப்பொறி அமைப்பு இருந்தது. பாடம் நடத்துவதற்காக வைத்தது. 1975-ல் அதில் ரஸ்டி ரதர்ஃபோர்டு என்பவர் ஒரு பாதாள அறை விளையாட்டை எழுதி, பாட வேலைக்கு ஒதுக்கிய கோப்புப் பெயரான 'பெடிட்5' என்பதிலேயே வைத்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பாட சமாசாரம் மாதிரி இருக்கும். நிர்வாகத்தார் கண்டுபிடித்து அழித்தார்கள். மறுபடி முளைத்தது. மறுபடி அழித்தார்கள். அதற்குள் மற்ற மாணவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பங்குக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். லேபில் கேம் ஆடினால் சிஸ்டத்தைப் பிடுங்குகிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்!

அடுத்து வந்தவர்கள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட். 1981-ல் ஆப்பிள்-2 கம்ப்யூட்டருக்கு 'விசார்ட்ரி' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஆறு பேர் கொண்ட பார்ட்டி. பத்து அடுக்குப் பாதாளம். அடியில் இருக்கும் வில்லன் பெயர் வெர்ட்னா, மேலே இருக்கும் கிறுக்கு ராஜாவின் பெயர் ட்ரெபோர். ஆண்ட்ரூ, ராபர்ட் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் இந்த இரண்டும் வரும். மாணவக் குறும்புதான்.

குறும்பு எவ்வளவோ, கண்டிப்பும் அவ்வளவு. பாதாளத்தில் பார்ட்டி மொத்தமும் செத்துப்போனால் அது உடனே டிஸ்கில் பதிந்துவிடும். 'பழைய இடத்திலிருந்து ஆடுகிறேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிணங்கள் அங்கேயே கிடக்கும். புதிதாக ஆறு பேரைத் தயார்செய்து அனுப்பி அந்த உடல்களைத் தூக்கி வர வேண்டும்.

1982-ல் விசார்ட்ரியின் இரண்டாம் பாகம் 'நைட் ஆஃப் டைமண்ட்ஸ்' வந்தது. அங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது. வெளிவந்தபோது அந்த டிஸ்கை மட்டும் வாங்கினால் ஆட முடியாது! முதல் பாகத்தில் நீங்கள் வளர்த்த ஆட்களை அதிலிருந்து இதற்கு மாற்ற வேண்டும். ஆட்டமும் ஏற்கெனவே நன்றாகத் தேறியவர்களுக்கு ஏற்ற கடினத்தில் இருந்தது. கடையில் காசு கொடுத்தால் மட்டும் போதாது, உழைத்துச் சேர்த்ததையும் கொண்டு வா என்று கேட்ட இரண்டாம் பாகம் அது. இந்த வரிசையின் நான்காம் பாகம் (1987) இன்னும் ஒருபடி மேலே போனது. அதில் நீங்கள்தான் அந்தப் பழைய வில்லன் வெர்ட்னா. உங்களைத் தோற்கடித்த வீரர்களையே எதிர்த்துப் பாதாளத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும்.

ஐம்பத்திரண்டு எழுத்து மந்திரம்

விசார்ட்ரியும் அமெரிக்காவின் இன்னொரு விளையாட்டான அல்டிமாவும் கடல் தாண்டி ஜப்பானுக்குப் போயின. அவற்றை ஆடி ரசித்த யூஜி ஹோரி என்பவர் வீட்டு டி.வி.யில் சொருகி ஆடும் சின்னப் பெட்டிக்கு ஏற்றபடி எளிமையாக்கி, 1986 மே மாதம் 'டிராகன் குவெஸ்ட்' கொடுத்தார். 1987 ஜனவரியில் இரண்டாம் பாகம். முதல் பாகத்து வீரனின் வழித்தோன்றல்கள் மூன்று பேர், நூறு வருஷம் கழித்துப் புறப்படுகிறார்கள். தாத்தாவுக்குத் தாத்தா செய்த நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லித்தான் பல கதவுகள் திறக்கும். நம் ஊரிலும் "நீ இன்னார் பேரனா?" என்று கேட்டுத்தானே பேச்சே தொடங்கும்!

அந்தப் பெட்டியில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க இடம் கிடையாது. ஆகவே ஆட்டத்தை நிறுத்தும்போது 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' என்று ஒரு எழுத்து வரிசை திரையில் வரும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு மறுநாள் அப்படியே திருப்பித் தர வேண்டும். முதல் பாகத்தில் அது 20 எழுத்து. இரண்டாம் பாகத்தில் 52 எழுத்து வரை போனது! ஒரே ஒரு எழுத்து தப்பினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. ஜப்பானிய எழுத்துகளில் ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை பல உண்டு. நம் 'ன'வும் 'ண'வும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள் நோட்டைப் பார்த்து அழுதிருக்கும்!

மூன்றாம் பாகம் 1988 பிப்ரவரி 10-ஆம் தேதி, புதன்கிழமை, வந்தது. இதில் பேட்டரி வைத்துச் சேமிப்பு வசதி செய்துவிட்டார்கள். முதல் நாளிலேயே பத்து லட்சம் பிரதி விற்றது. பள்ளிக்கு மட்டம் போட்டுக் கடை வாசலில் வரிசையில் நின்று பிடிபட்டவர்கள் மட்டும் முந்நூறு பேருக்கு அருகில் என்று அன்றைய செய்திகள் சொல்லின. கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. ஆடி முடிக்கும்போதுதான் தெரியும், இந்த மூன்றாம் பாகத்து வீரன்தான் முதல் பாகத்து வீரனின் மூதாதை என்று. பின்னால் வந்த பாகம் முன்னால் நடந்த கதையைச் சொல்லியது.

அறம் சட்டமானால்?

அமெரிக்காவில் அல்டிமாவை எழுதிய ரிச்சர்ட் கேரியட், பள்ளியில் படிக்கும்போதே விளையாட்டு எழுதத் தொடங்கியவர். 1985-ல் அவர் கொடுத்த நான்காம் பாகத்தின் தலைப்பிலேயே நம் வார்த்தை இருக்கிறது: அவதார். அதில் கடைசியில் கொல்வதற்கு ஒரு அரக்கனே கிடையாது! உண்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளில் தேறினால்தான் வெற்றி. கண் தெரியாத ஒரு மூலிகைக் கடைக்காரியிடம் பொருள் வாங்குவோம். எவ்வளவு காசு வைக்கிறோம் என்று நாமே சொல்ல வேண்டும். குறைத்து வைத்தால் அவளுக்குத் தெரியாது, ஆட்டம் உடனே திட்டாது. ஆனால் கணக்கில் ஏறிவிடும். ரொம்ப நேரம் கழித்துத்தான் 'நீ இன்னும் நேர்மையில் தேறவில்லை' என்று பதில் வரும்.

சரி, நல்லவன் ஆகியாச்சு. அடுத்து என்ன? 1988-ல் வந்த ஐந்தாம் பாகம் அதைத்தான் கேட்டது. நான்காம் பாகத்து ஆளையே இதற்குக் கொண்டு வரலாம். வந்து பார்த்தால் நல்ல அரசர் காணாமல் போயிருக்கிறார். பொறுப்பில் இருக்கும் பிளாக்தார்ன் அதே எட்டுப் பண்புகளைச் சட்டமாக்கிவிட்டான். பொய் சொன்னால் நாக்கு போகும். வருமானத்தில் பாதியைத் தர்மம் செய்யாவிட்டால் வருமானமே இருக்காது. போன பாகத்தில் நாம் தேடித் தேடிக் கற்ற அறம், இந்தப் பாகத்தில் ஊரை மிரட்டும் தடியாகிவிட்டது. முதல்நூலின் முடிபை மாற்றாமல், அதன் மேலேயே புதிய கேள்வியை எழுப்பியதால் இதை உத்தமமான வழிநூல் என்பேன்.

2000-ஆம் ஆண்டின் இரண்டு இரண்டாம் பாகங்கள்

2000-ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு விளையாட்டுகள் வந்தன. எங்கள் தலைமுறையை மயக்கியவை இவைதான்.

முதலாவது ஜூன் மாதம் வந்த 'டையாப்ளோ-2'. இரண்டு வாரத்தில் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. (கலிபோர்னியாவில் இருக்கும் டையாப்ளோ மலையின் பெயரைத்தான் டேவிட் பிரெவிக் இந்த விளையாட்டுக்கு வைத்தார். மலையின் பெயரைச் சுமக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது ஒரு தனி சந்தோஷம்.) முதல் பாகத்தில் ட்ரிஸ்ட்ரம் என்ற சின்ன ஊர். அங்கே வீரன், வில்லாளி, மந்திரவாதி மூவரில் ஒருவராக நாம் பாதாளத்தில் இறங்கி அரக்கனைக் கொல்வோம். கடைசியில் அவன் உயிர் அடங்கிய கல்லை நம் ஆள் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வான். 'நான் இவனை எனக்குள் அடக்கி வைக்கிறேன்' என்ற நம்பிக்கை. அத்தோடு ஆட்டம் முடிந்தது. நாமும் ஜெயித்துவிட்டோம் என்று கைதட்டினோம்.

இரண்டாம் பாகத்தைத் திறந்தால் அந்த வீரனைத்தான் துரத்த வேண்டும்! அரக்கன் அவனை உள்ளிருந்தே தின்றுவிட்டான். வில்லாளிப் பெண்ணும் மந்திரவாதியும் கூட வழியில் எதிரிகளாக வந்து நிற்பார்கள். ட்ரிஸ்ட்ரம் எரிந்து கிடக்கும். முன்பு நமக்கு வாள் விற்ற கொல்லர் பிணமாக எழுந்து அடிக்க வருவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் அறையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. பீங்கான் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சாமானை இரண்டு முறை சுடுகிறோம். முதல் சூட்டில் விழுந்த முடி போன்ற விரிசலைக் கிளேஸ் பூச்சு மூடி மறைக்கும். இரண்டாம் சூட்டில் அதே இடம்தான் வாயைப் பிளக்கும்.

இரண்டாவது விளையாட்டு செப்டம்பரில் வந்த 'பால்டர்ஸ் கேட்-2'. கனடாவின் எட்மன்டனில் டாக்டருக்குப் படித்தவர்கள் தொடங்கிய பயோவேர் கம்பெனியின் படைப்பு. 1998 முதல் பாகத்து ஆளை அப்படியே இறக்குமதி செய்யலாம். ஆனால் கண் விழிக்கும்போது நாம் ஒரு கூண்டில் கிடப்போம். பார்த்துப் பார்த்துச் சேர்த்த வாள், கவசம் எல்லாம் பறிபோயிருக்கும். முதல் பாகத்தில் நம்மோடு நடந்த ஒரு தோழன் பக்கத்து அறையில் பிணமாகக் கிடப்பான், அவன் மனைவி நம்மோடு நிற்பாள். மிஞ்சுவது என்ன? கற்ற வித்தை, ஏறிய லெவல், நாம் யார் என்ற பிறப்பு ரகசியம். நம் ஆள் ஒரு கொலைத் தெய்வத்தின் பிள்ளை. அப்பன் குணம் ரத்தத்தில் இருக்கிறது. அதற்குப் பணிவதா எதிர்ப்பதா என்பது நம் கையில்.

மெய்கண்டார் பிறந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க மூன்று சொல் போதும். சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கு வந்த பங்கு பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். பழைய சேவ் ஃபைல், அதிலிருந்து இறக்குமதியானது, இன்றைக்கு ஆடுவது! எட்மன்டன்காரர்கள் சித்தாந்தம் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் கணக்கு எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கனமான கதைக்கு நடுவே ஒரு தமாஷும் உண்டு. முதல் பாகத்தில் ஒரு சத்திரத்தில் ஒரு பெரிய மனுஷன் நம்மை வேலைக்காரன் என்று நினைத்துத் தன் தங்கக் கால்சட்டையைத் துவைக்கக் கொடுத்துவிடுவான். அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. வாள் எல்லாம் பறிபோனாலும் இந்தக் கால்சட்டை மட்டும் இரண்டாம் பாகத்துக்கு வந்து சேரும். அங்கே வெள்ளிக் கால்சட்டை ஒன்று கிடைக்கும். 2001-ல் வந்த கூடுதல் பாகத்தில் வெண்கலக் கால்சட்டை. மூன்றையும் சேர்த்தால் ஒரு அபாரமான கவசம்! உதவாது என்று நினைத்து மூட்டையில் போட்டு வைத்தது மூன்று வருஷம் கழித்து உதவியது.

நம் ஹாஸ்டலில்

இதெல்லாம் நம் பக்கம் வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். நாங்கள் 2009-ல் சேர்ந்தோம். அறைக்கு ஒரு பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர் இருந்தால் அதுவே ராஜ்யம். 2011 நவம்பரில் 'ஸ்கைரிம்' வந்து உலகமே அதைப் பேசியது. எங்கள் பெட்டியில் அது ஓடாது. அடுத்த வருஷம் வந்த தம்பிகளின் பையில் அரசின் விலையில்லா மடிக்கணினி இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அதிலும் புதுசு ஓடாது, ஆனால் 2000-ஆம் ஆண்டு விளையாட்டுகள் வெண்ணெய் மாதிரி ஓடும். இப்படித்தான் மற்ற ஊர்கள் ஆடி முடித்துப் பத்து வருஷம் ஆன இரண்டாம் பாகங்கள் எங்களுக்குப் புத்தம் புதுசாக வந்தன.

அந்த வருஷங்களின் மின்வெட்டு யாருக்கு மறக்கும்? 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. யு.பி.எஸ். இல்லாத பெட்டியில் அரக்கன் முன்னால் நிற்கும்போது பொட்டென்று இருட்டாகும். அந்த இருட்டில் முதலில் கேட்கும் குரல் "சேவ் பண்ணிட்டியா டா?" என்பதுதான். பிறகு அதுவே ஹாஸ்டலில் பொது வசனமாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிறவனிடமும் அதே கேள்வி, பெண் பார்க்கப் போன சீனியரிடமும் அதே கேள்வி!

கடைசி வருஷம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தை எங்கள் சொந்தப் பெயர்களோடு ஆடினோம். பலர் சேர்ந்து ஆடும் முறையில் ஆறு ஆட்களையும் நாமே உருவாக்கலாம். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவன் வீரன். சாவி தொலைந்த சூட்கேஸை ஹேர்பின்னால் திறப்பவன் திருடன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒருவன் இருந்தான், அவன்தான் வைத்தியப் பூசாரி. 2013 ஏப்ரலில், கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு முன்பு, முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தை வேலை கிடைத்த பிறகு ஆடலாம் என்று ஆளுக்கொரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டோம். பெண்ணாடம் ஸ்டேஷனில் ஆளுக்கொரு ரயில் ஏறினோம். அப்புறம் துபாய், ஓசூர், கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

2019-ல் எங்கள் வைத்தியன் ஒரு சாலை விபத்தில் போய்விட்டான்.

2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகம் வந்தது. இரண்டாம் பாகம் வந்து 23 வருஷம் கழித்து, பெல்ஜியத்தின் லாரியன் கம்பெனி செய்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் வாங்கியது. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் மீதி ஐந்து பேரும் போனில் பேசினோம். ஒருவனிடம் பழைய பென் டிரைவ் இருந்தது. திறந்தால் ஆறு பேரும் நின்ற இடத்தில் நிற்கிறோம், அவனும் முழுத் தெம்போடு நிற்கிறான். இந்த ஆட்டத்தில் செத்தவனைக் கோயிலில் காசு கட்டி எழுப்பிவிடலாம். அதனால்தான் இதை ஆட்டம் என்கிறோம்.

இரண்டாம் பாகத்துக்கு ஐந்து பேரைக் கொண்டு போவதா, ஆறு பேரையா என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. அவன் பெயரை வைத்து ஆடுவது சரியா என்று ஒருவன் கேட்டான். விட்டுவிட்டுப் போவது மட்டும் சரியா என்று இன்னொருவன் கேட்டான். கடைசியில் அவன் அம்மாவிடமே கேட்டோம். அவருக்கு விளையாட்டு புரியவில்லை. "அவனையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். ஆறு பேரையும் இறக்குமதி செய்தோம். மாதம் ஒரு ஞாயிறு இணையம் வழியே சேர்ந்து ஆடுகிறோம். அவன் முறை வரும்போது யாராவது ஒருவர் அவனுக்காகக் கட்டளை கொடுப்போம். இதுவரை எங்களில் அதிகம் பேரைக் காப்பாற்றியது அவன்தான்.

தம்பி, தங்கைகளுக்கு

இந்நாள் மாணவர்களே! விடிய விடிய ஆடச் சொல்லி இதை எழுதவில்லை. தூங்குங்கள். முதல் வகுப்புக்குப் போங்கள். ஆனால் ஆடுவதோடு நிற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இல்லினாயிலும் கார்னெலிலும் இதையெல்லாம் செய்தவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். நம் நாட்டிலும் தொடங்கிவிட்டது. புனேயிலிருந்து ஒரு சின்னக் குழு 2020-ல் துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்ல, தம்பியைத் தேடிப் போகும் பெண்ணின் கதையாக 'ராஜி' செய்தது. அதன் அடுத்த பாகத்தையும் 2025-ல் அறிவித்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொரன்டோவிலிருந்து வந்த 'வெண்பா' (2023), 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. அதில் அரக்கனும் இல்லை, வாளும் இல்லை, இட்லியும் புட்டும்தான்!

அப்படியிருக்க, கூத்து தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதைக்கா பஞ்சம்? தேவகன்னியும் பசுவும் யானையும் சேர்ந்து புறப்படும் பார்ட்டியை நீங்கள்தான் எழுத வேண்டும். நம் கணிப்பொறித் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு சின்ன விளையாட்டாவது மாணவர்களைச் செய்ய வைக்கலாம். அதற்கு ஒரு பரிசுத்தொகை வைக்கச் சங்கத்தை இந்த மலர் மூலம் கேட்டுக்கொள்கிறேன். என் பங்கை இந்தச் சந்திப்பன்றே பொருளாளரிடம் தந்துவிடுகிறேன்.

கல்லூரியை விட்டுப் போகும்போது ஹாஸ்டல் சாமான்களில் பாதி தொலைந்துபோகும். சான்றிதழ் பீரோவில் கிடக்கும். கற்றதும், கூட நின்றவர்களும், பிறருக்குச் செய்ததும்தான் அடுத்த பாகத்துக்குக் கூட வரும். வரும் சந்திப்பில் என்னைப் பார்த்தால், "சேவ் பண்ணிட்டியா டா?" என்று கேளுங்கள். நம் ஹாஸ்டல்காரர் என்று தெரிந்துகொள்வேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!